நுவரெலியாக் குளிரில் நுண்பாய்ம சிப்: சிரிஞ்ச் பம்பா, போத்தலைத் தூக்கி வைப்பதா?

கொழுந்துப்பை (நுவரெலியா) – திங்கள், இரவு 9.40

அண்ணாமார், அக்காமார், இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு நுண்பாய்ம சிப்போடு (மயிரிழைக் கால்வாய்க்குள் திரவம் ஓடும் சின்ன வில்லை) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். லயத்துப் பீலித் தண்ணீரில் நைத்திரைற்று (nitrite) இருக்கிறதா என்று நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பிடிஎம்எஸ் (சிலிக்கோன் றப்பர்) சிப். கால்வாய் அகலம் 200 மைக்ரோமீற்றர், உயரம் 50, வளைந்து வளைந்து போகும் நீளம் 10 சென்ரிமீற்றர். ஒரு வாயில் பீலித் தண்ணீர், மற்ற வாயில் கிரிஸ் சோதனைப்பொருள் (நைத்திரைற்று பட்டால் இளஞ்சிவப்பாகும்). இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 1 மைக்ரோலீற்றர்.

பம்ப் நானே செய்தது. ஸ்டெப்பர் மோட்டார், 3டி பிரின்டரில் வரும் 8 மில்லிமீற்றர் திருகுதண்டு, ஒரே பலகையில் இரண்டு 10 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் சிரிஞ்ச். குழாய் மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கோன்.

பிரச்சினை மூன்று. பம்பைப் போட்டால் அரை மணிநேரத்துக்கு ஒழுங்கான பாய்ச்சலே வருவதில்லை. வந்த பிறகும் இரண்டு திரவத்துக்கும் நடுவில் உள்ள கோடு இடமும் வலமுமாக ஆடுகிறது. காலையில் நல்லாகப் போகிறது, பத்துப் பதினொரு மணியானால் எங்கிருந்தோ குமிழி வந்து அடைத்துவிடுகிறது. பம்பை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றக் காசில்லை. என்ன செய்யலாம்?

ஊவா ஸ்பேனர் (பண்டாரவளை) – திங்கள், இரவு 10.25

தம்பி, சிப் பற்றி எனக்குத் தெரியாது, திருகுதண்டு பற்றித் தெரியும். கணக்கைப் பார்.

அந்தத் தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகரும். மோட்டார் சுற்றுக்கு 200 படி. ஆக ஒரு முழுப் படிக்கு 40 மைக்ரோமீற்றர். 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் உள்விட்டம் ஏறத்தாழ 14.5 மில்லிமீற்றர், குறுக்குவெட்டு 165 சதுர மில்லிமீற்றர். பெருக்கினால் ஒரு முழுப் படிக்கு ஒரு சிரிஞ்சிலிருந்து 6.6 மைக்ரோலீற்றர் வரும். உனக்கு வேண்டியது ஒரு சிரிஞ்சுக்கு நிமிடத்துக்கு அரை மைக்ரோலீற்றர். அப்படியென்றால் மோட்டார் 13 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் ஒரு முழுப் படி எடுத்து வைக்கிறது! படியைப் பதினாறாகப் பிரித்து ஓட்டினாலும் 50 செக்கனுக்கு ஒரு அசைவு. அதுவும் கடதாசியில்தான். றப்பரின் உராய்வு இருக்கும்போது பிரித்த படிகள் எல்லாம் ஒரே அளவாக விழாது.

ஆனால் கோடு ஆடுவது இதனால் இல்லை. ஒரே பலகை இரண்டையும் தள்ளுகிறது, படி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே துடிக்க வேண்டும். கோடு இடம் வலம் போகிறதென்றால் ஒவ்வொரு சிரிஞ்சின் றப்பரும் தன்தன்பாட்டில் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு நகர்கிறது. பிளாஸ்ரிக் சிரிஞ்சின் பிறவிக் குணம் அது.

செலவில்லாமல் செய்யக்கூடியது: 1 மில்லிலீற்றர் சிரிஞ்சுக்கு மாறு. குறுக்குவெட்டு பத்தில் ஒரு பங்காகிவிடும், மோட்டார் பத்து மடங்கு வேகமாக ஓடும், துடிப்பு சிறிதாகும். முடிந்தால் சுற்றுக்கு 2 மில்லிமீற்றர் நகரும் தண்டு போடு, விலையும் பெரிதில்லை.

ஹட்டன் பௌதிகம் – செவ்வாய், காலை 5.50

ஸ்பேனர் தம்பி பம்பைப் பார்த்தார். நான் பம்புக்கும் சிப்புக்கும் இடையில் உள்ளதைப் பார்க்கிறேன்.

உயர்தரத்தில் புவாசேயின் சமன்பாடு படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். அமுக்க வித்தியாசம் வோல்ற்றளவு, பாய்ச்சல் மின்னோட்டம், கால்வாய் ஒரு தடை. இந்த அளவில் ஓமின் விதி அப்படியே பொருந்தும். பாய்ச்சல் கொந்தளிக்குமா என்று சொல்லும் ரேனோல்ட்ஸ் எண் உங்கள் கால்வாயில் 0.1 அளவில்தான் வருகிறது, கொந்தளிப்புக்கு இடமே இல்லை. செவ்வகக் கால்வாயின் தடை உயரத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறு என்பதால் அந்த 50 மைக்ரோமீற்றர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 15 பாகையில் நீரின் பிசுக்குமை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) 1.14 மில்லிபாஸ்கல் செக்கன் என்று போட்டால் உங்கள் 10 சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோலீற்றர் ஓட ஏறத்தாழ 1,080 பாஸ்கல் போதும். அதாவது 11 சென்ரிமீற்றர் நீர் நிரல்!

இதை இன்னொரு தடவை வாசியுங்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. இதற்கு மோட்டார் எதற்கு?

இப்போது அரை மணிநேரக் கதை. குழாய்க்குள்ளோ சிரிஞ்சுக்குள்ளோ அகப்பட்ட காற்று ஒரு கொள்ளளவி, மின்சுற்றில் ஏற்றத்தைத் தேக்கி வைப்பதுபோல. பம்ப் தள்ளத் தள்ள முதலில் காற்றுத்தான் சுருங்கும், சிப்புக்கு அமுக்கம் மெதுவாகத்தான் ஏறும். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் நேர மாறிலி, பாய்ச்சல் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதன் அளவு. இரண்டு சிரிஞ்சிலும் சேர்த்து அரை மில்லிலீற்றர் காற்று என்று வைத்தால் நுவரெலியாவில் அது 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 95 சதவீதப் பாய்ச்சல் வர அதைப்போல் மூன்று மடங்கு, ஆக 20 நிமிடம். மெத்தென்ற சிலிக்கோன் குழாயும் உப்பிச் சுருங்கும், அதையும் சேர்த்தால் உங்கள் அரை மணி வந்துவிடும்.

நுவரெலியாவில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் 810 மில்லிபார் அளவில்தான் இருக்கும். அமுக்கம் குறைந்த காற்று இன்னும் இலகுவாகச் சுருங்கும். அதே குமிழி கொழும்பில் இருந்தால் கொள்ளளவம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெப்பமும் கூட என்பதால் தண்ணீரின் தடையும் அங்கே குறைவு.

கொழுந்துப்பை – செவ்வாய், காலை 7.15

சேர், 11 சென்ரிமீற்றரா! அப்படியானால் இரண்டு போத்தலை ராக்கையில் வைத்தால் போதுமா? சிரிஞ்சில் காற்று இருக்கிறது, உண்மைதான். மேலே ஒரு குமிழி எப்போதும் நிற்கும்.

வெள்ளை ஷூ (டிக்கோயா) – செவ்வாய், மதியம் 1.05

நான் வார்ட்டில் வேலை. உங்கள் பேச்சு பாதி விளங்கவில்லை, ஆனால் போத்தலைத் தூக்கிக் கட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. சேலைன் செட் ஒன்றைப் பாவித்தால் என்ன, தம்பி? ஸ்டாண்ட், குழாய், உருட்டுக் கிளாம்ப் எல்லாம் சேர்ந்தே வரும். கிளாம்பை இறுக்கித் துளியை எண்ணிப் பாய்ச்சலைச் சரிசெய்யலாமே. குழாயில் காற்றுப் போகாமல் நிரப்பும் முறையும் எங்களுக்கு அத்துப்படி: துளி அறையைப் பாதிவரை நிரப்பிவிட்டு, குழாயின் நுனியைக் கீழே பிடித்து மெதுவாக ஓடவிட வேண்டும். அவசரப்பட்டால் காற்று உள்ளே நிற்கும்.

ஹட்டன் பௌதிகம் – செவ்வாய், மாலை 4.30

தங்கச்சி, நிரப்பும் முறை அருமை, தம்பி அதை அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். கிளாம்ப் மட்டும் இங்கே வேலை செய்யாது. தொடராக இரண்டு தடை இருந்தால் பெரியதுதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும். சிப்பின் தடை மலை, கிளாம்பின் தடை கூழாங்கல். கிட்டத்தட்ட முழுக்க மூடும்வரை ஒரு மாற்றமும் தெரியாது, பிறகு சட்டென்று நின்றுவிடும்.

துளி எண்ணுவதும் முடியாது. சின்னத் துளி செட்டில்கூட 60 துளிதான் 1 மில்லிலீற்றர். ஒரு துளி கிட்டத்தட்ட 17 மைக்ரோலீற்றர். தம்பியின் பாய்ச்சலுக்குப் பதினேழு நிமிடத்துக்கு ஒரு துளி விழும். அதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

கண்டி வீதி 77 – செவ்வாய், இரவு 8.10

இவ்வளவு பாடு எதற்கு? வெளிநாட்டில் இப்போது அமுக்கக் கட்டுப்படுத்திதான் பாவிக்கிறார்கள். அடைத்த போத்தலுக்குள் காற்றமுக்கத்தைக் கணினி நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும், செக்கனுக்குள் பாய்ச்சல் மாறும், படித் துடிப்பே இல்லை. அது கிடைக்காவிட்டால் சிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வடிதாளுக்கு மாறுங்கள். ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு 2007 இலேயே தாளில் கால்வாய் வரைந்து காட்டிவிட்டது. மெழுகால் எல்லை போட்டால் மயிர்த்துளை விசையே தண்ணீரை இழுத்துப் போகும். நைத்திரைற்றுக்கு நிறம் பார்க்கத்தானே, பம்பே வேண்டாம்.

மின்சவ்வூடுபரவல் பாய்ச்சல் (வோல்ற்றளவு கொடுத்துத் திரவத்தை நகர்த்துவது) என்று ஒன்றும் இருக்கிறதே, யாரும் அதைச் சொல்லவில்லை?

பேராதனை லேப் – புதன், காலை 10.00

நான் இதே வேலைதான் செய்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

//மின்சவ்வூடுபரவல்//
வேண்டாம். கிரிஸ் சோதனைப்பொருள் அமிலம். அமிலத்தில் கண்ணாடிச் சுவரின் ஏற்றம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும், ஏற்றம் இல்லாவிட்டால் அந்தப் பாய்ச்சலும் இல்லை. நூற்றுக்கணக்கான வோல்ற்று வேறு வேண்டும். தாள் நல்ல யோசனைதான், தோட்டத்துக்குக் கொண்டுபோக அதுவே சிறந்தது. ஆனால் தம்பியின் ஆய்வுத் தலைப்பில் சிப் இருக்கிறது, மேற்பார்வையாளர் தாளுக்கு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை.

இப்போது பதினொரு மணிக் குமிழி. அது எங்கிருந்தோ வரவில்லை, தம்பி. தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

குளிர்ந்த நீர் கூடுதல் வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். கடல் மட்டத்தில் 15 பாகையில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 25 பாகையில் 8.3 தான். உயரத்தில் இரண்டுமே குறையும், விகிதம் அதே. நீங்கள் வெள்ளனப் பீலியில் பிடித்த தண்ணீர் குளிர்ந்து, காற்று நிறைந்து இருக்கிறது. வெயில் ஏறி அறை சூடாகும்போது, நுணுக்குக்காட்டி விளக்கும் சேர்ந்து சுடும்போது, கரைந்தது வெளியே வரும். வெளியே வர ஒரு இடம் தேடும். கால்வாயின் மூலை, ஒட்டிய இடத்துச் சிறு பொத்தல், குழாய் நுழையும் வாய், இங்கெல்லாம் உட்காரும். கொழும்பிலிருந்து வந்த காய்ச்சி வடித்த நீரைப் பாவித்தாலும் இதே கதி. அங்கே ஒரு வளிமண்டல அமுக்கத்தில் காற்றோடு சமநிலையில் இருந்த நீரை 810 மில்லிபாரில் திறந்தால் அதில் கால்பங்கு வாயு அதிகப்படி. சோடா மூடி திறந்ததுபோல் பொங்காது, ஆனால் 50 மைக்ரோமீற்றர் கால்வாயை அடைக்க அவ்வளவு தேவையும் இல்லை.

செய்ய வேண்டியது: இரண்டு திரவத்தையும் அறையை விடக் கொஞ்சம் சூடாக்கி வையுங்கள். பிறகு பெரிய சிரிஞ்சில் பாதிவரை எடுத்து, மூக்கை விரலால் அடைத்து, தண்டைப் பின்னால் இழுத்துப் பிடித்துத் தட்டுங்கள். குமிழி கூட்டம் கூட்டமாக வரும். வெளியேற்றிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். வராமல் போகும்வரை.

சிப்பை முதலில் எதனோலால் நிரப்புங்கள். பிடிஎம்எஸ் தண்ணீரை வெறுக்கும், எதனோலை வெறுக்காது, மூலையெல்லாம் நனையும். அப்புறம் தண்ணீரால் தள்ளுங்கள். அப்படியும் ஒரு குமிழி நின்றால் வெளிவாயை அடைத்துவிட்டு உள்வாயில் சிரிஞ்சால் 20, 30 கிலோபாஸ்கல் கொடுத்துப் பிடியுங்கள். பிடிஎம்எஸ் சுவருக்குள்ளால் வாயு ஊடுருவும், குமிழி கண்முன்னே சுருங்கி மறையும். ஒன்று மட்டும் ஞாபகம்: வெளிவாயிலிருந்து உறிஞ்சி ஓட்டாதீர்கள். உள்ளே அமுக்கம் குறைந்தால் கரைந்த வாயு வெளியேறும், சுவருக்குள்ளால் புதுக் காற்றும் வரும். தள்ளத்தான் வேண்டும்.

ஊவா ஸ்பேனர் – புதன், மதியம் 12.40

போத்தல் கட்சிக்கு ஒரு கேள்வி. காலையில் 15 பாகை, மதியம் 25 என்றால் தண்ணீரின் பிசுக்குமை 1.14 இலிருந்து 0.89 ஆகும். அதே உயரத்தில் பாய்ச்சல் கிட்டத்தட்ட 28 சதவீதம் கூடிவிடும். சிரிஞ்ச் பம்ப் என்ன குளிரானாலும் சொன்ன கனவளவைத் தள்ளும். என் மோட்டாரை இவ்வளவு சீக்கிரம் கழற்றச் சொல்லாதீர்கள்.

பேராதனை லேப் – புதன், மாலை 6.20

அண்ணா சொல்வது சரி. மொத்தப் பாய்ச்சல் துல்லியமாக வேண்டுமென்றால் சிரிஞ்ச் பம்ப்தான், அதுவும் நல்ல பம்ப், கண்ணாடி சிரிஞ்ச், கடினக் குழாய். ஆனால் தம்பிக்கு வேண்டியது இரண்டு திரவமும் சரிபாதியாகச் சேர்வது. வெப்பம் மாறினால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில்தான் மாறும், கோடு அசையாது. ஆகவே நான் போத்தல் கட்சி.

ஆனால் "ராக்கையில் வைத்தால் போதுமா" என்ற கேள்விக்குப் பதில், போதாது. இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, சிப்பில் இரண்டு வாயிலிருந்தும் சந்திவரை உள்ள கை எவ்வளவு நீளம்? 5 மில்லிமீற்றர் என்றால் அதன் தடை மிகச் சிறியது. இரண்டு போத்தலின் மட்டமும் ஐந்தரை மில்லிமீற்றர் வித்தியாசப்பட்டால் தாழ்ந்த பக்கம் அப்படியே நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் சோதனைப்பொருள் பீலித் தண்ணீர்ப் போத்தலுக்குள் திரும்பிப் போகும். கையால் போத்தலை வைத்து அரை சென்ரிமீற்றர் பிழை வராமல் இருக்குமா?

மருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டுமென்றே தடை சேர்ப்பது. எச்.பி.எல்.சி. கருவிக்கு (உயர் அமுக்கத்தில் திரவக் கலவையைப் பிரித்துப் பார்ப்பது) போடும் பீக் என்ற கடினப் பிளாஸ்ரிக் குழாய், சிவப்பு நிறத்தது, உள்விட்டம் 0.13 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 50 சென்ரிமீற்றர் வெட்டிப் போடுங்கள். இப்போது 11 சென்ரிமீற்றருக்குப் பதில் 19 அளவு உயரம் வேண்டும், பரவாயில்லை. அதே அரை சென்ரிமீற்றர் பிழைக்கு இனி ஒவ்வொரு பக்கமும் 3 சதவீதம்தான் மாறும். குழாயும் கடினம், சேர் சொன்ன கொள்ளளவமும் போய்விடும்.

இரண்டு, வெளிவாய்க் குழாயின் நுனியில் துளி தொங்க விடாதீர்கள். அரை மில்லிமீற்றர் ஆரைத் துளிக்குள் அமுக்கம் 290 பாஸ்கல், கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர் நீர் நிரல். துளி வளர்ந்து விழும் ஒவ்வொரு தடவையும் பாய்ச்சல் குதிக்கும். நுனியை ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். உயரம் அளப்பதும் போத்தல் நீர்மட்டத்திலிருந்து அந்தக் கிண்ணத்து நீர்மட்டம் வரைதான். சிப் மேசையில் எங்கே இருக்கிறது என்பது கணக்கிலேயே இல்லை.

போத்தல் வாயை அடைக்காதீர்கள், தூசி விழாமல் பஞ்சு போதும். மட்டம் இறங்குமே என்று பயப்படவும் வேண்டாம். மணிக்கு 60 மைக்ரோலீற்றர்தான் இரண்டிலிருந்தும் சேர்த்து.

கண்டி வீதி 77 – புதன், இரவு 9.00

50 சென்ரிமீற்றர் குழாய்க்குள் 6 மைக்ரோலீற்றருக்கு மேல் நிற்குமே. நிமிடத்துக்கு அரை என்றால் தண்ணீர் மாதிரியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் 13 நிமிடம் வெறுமனே காத்திருக்க வேண்டும். கவனித்தீர்களா?

பேராதனை லேப் – புதன், இரவு 9.25

கவனித்தேன். மாதிரியை மாற்றும்போது அந்தப் போத்தலுக்குச் சிரிஞ்ச் பொருத்திப் பெருவிரலால் அழுத்திப் பழையதைத் தள்ளிவிடலாம், அரை நிமிட வேலை. அந்நேரம் சோதனைப்பொருள் பக்கத்தை அடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அங்கே ஏறும்.

கொழுந்துப்பை – சனி, மதியம் 2.30

கம்பஸ் லேபில் பழைய எச்.பி.எல்.சி. குழாய்த் துண்டு கிடைத்தது. இரண்டு சிரிஞ்ச் உடலைத் தண்டில்லாமல் ராக்கையில் நிறுத்தி, கீழே கிண்ணம் வைத்து ஓட்டினேன். கோடு நடுவில் நிற்கிறது. ஸ்பேனர் அண்ணா கோபிக்கக் கூடாது. குமிழியும் இன்று வரவில்லை, சூடாக்கித் தட்டிய பிறகுதான் நிரப்பினேன்.

இப்போது புதுப் பிரச்சினை. நிறம் மிகவும் வெளிறியிருக்கிறது. போத்தலில் கலந்து பார்த்தால் நல்ல இளஞ்சிவப்பு, சிப்பின் வெளிவாயில் கண்ணுக்கே தெரியவில்லை. கலக்கவில்லையா?

ஹட்டன் பௌதிகம் – சனி, மாலை 3.45

கலப்பதில் குறையிருக்காது. கால்வாயின் பாதி அகலம் 100 மைக்ரோமீற்றர். சிறிய மூலக்கூறு அதைப் பரவிக் கடக்க 10 செக்கன் அளவு எடுக்கும், அதற்குள் திரவம் 2 சென்ரிமீற்றருக்குள்தான் போயிருக்கும். உங்களிடம் 10 இருக்கிறது. நேரத்தைப் பாருங்கள். கால்வாயின் முழுக் கனவளவே 1 மைக்ரோலீற்றர், ஆக உள்ளே நுழைந்தது ஒரு நிமிடத்தில் வெளியே. கிரிஸ் நிறம் முழுதாக வரப் பத்து நிமிடம் வேண்டாமா?

பேராதனை லேப் – சனி, மாலை 5.10

சேர் பிடித்துவிட்டார். 50 மைக்ரோமீற்றர் தடிப்பை மேலிருந்து பார்த்தால் நிறம் வெளிறித்தான் தெரியும் என்பதும் உண்டு. ஒளியைக் கால்வாயின் நீளவாக்கில் அனுப்பும் சிப் அடுத்த தடவைக்கு.

இப்போதைக்குப் பாய்ச்சலை நிறுத்தி வையுங்கள். போத்தல் முறையின் உண்மையான இலாபம் இங்கேதான். இரண்டு சிரிஞ்ச் உடலையும் கட்டிய பலகையை அப்படியே இறக்கி, கிண்ணத்து நீர்மட்டத்துக்குச் சரியாக வையுங்கள். பாய்ச்சல் நின்றுவிடும். ஒரு மில்லிமீற்றர் பிழை இருந்தாலும் பத்து நிமிடத்தில் நகர்வது கால்வாயின் இருபதில் ஒரு பங்குதான். காற்றுக் குமிழியுள்ள சிரிஞ்ச் பம்பை நிறுத்தினால் அது இன்னும் கால்மணி தள்ளிக்கொண்டேயிருக்கும். பத்தாவது நிமிடத்தில் படமெடுங்கள். தூய நீரை ஓட்டி அதே கால்வாயில் ஒரு படம், தெரிந்த செறிவுள்ள நைத்திரைற்று நாலைந்துக்குப் படங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கு.

இன்னொன்று, மேற்பார்வையாளர் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். கிரிஸ் நைத்திரைற்றைத்தான் காட்டும். உரத்திலிருந்து பீலிக்கு வருவது பெரும்பாலும் நைத்திரேற்று (nitrate). குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைத்திரைற்றுக்கு 3. நைத்திரேற்றையும் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைத் தாழ்த்தி (ஒட்சிசனைக் கழற்றி) நைத்திரைற்றாக்க வேண்டும். வனேடியம் குளோரைட்டு போட்டால் சிப்புக்கு வெளியே, போத்தலிலேயே செய்துவிடலாம். கையுறை கட்டாயம்.

ஊவா ஸ்பேனர் – சனி, இரவு 7.30

கோபமில்லை தம்பி. ஆனால் பலகையைக் கையால் ஏற்றி இறக்கினால் மட்டம் பிசகும். கழற்றிய மோட்டாரையும் திருகுதண்டையும் நிமிர்த்தி நிறுத்து, பலகையை அதில் பூட்டு. ஒரு படிக்கு 40 மைக்ரோமீற்றர் ஏறும், உன் 19 சென்ரிமீற்றருக்கு அது தாராளம். மின்சாரம் போனால் பலகை தானாக இறங்கிவிடும், அந்தத் தண்டு செங்குத்தாகச் சுமை தாங்காது. கப்பி போட்டு மறுபக்கம் சம எடை தொங்கவிடு. அளவு அனுப்பு, பூட்டும் துண்டுகளை இங்கே அச்சடித்து பஸ்ஸில் போட்டு விடுகிறேன்.